பதினேழாம் தேதி பிறந்தவர்கள்

தொலைபேசியில் பேசிய பெண்ணின் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. ஸ்பூனாக இருக்கலாம், சாவிக்கொத்தாக இருக்கலாம். "அக்கா, உங்க நிகழ்ச்சிய தினமும் கேக்குறேன். எங்க பாப்பாவுக்கு முதல் பிறந்த நாள் வருது. ரேடியோவுல பேரு சொல்லி வாழ்த்தணும்" என்றாள். ஊரே ரேடியோக்கா என்று கூப்பிடும் அறிவிப்பாளர், பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, "சொல்லுங்கம்மா, என்ன தேதி?" என்று கேட்டாள்.

"வர்ற பதினேழு."

பேனா காகிதத்தில் ஊன்றியபடியே நின்றுவிட்டது.

"பதினேழாம் தேதி வாழ்த்து கிடையாதும்மா. மறுநாள் சொல்லிடவா?"

"ஏன்க்கா, அன்னைக்கு லீவா?"

"லீவு இல்ல. நீங்க ஊருக்குப் புதுசா?"

புதுசுதான். கணவனுக்கு வேலை மாற்றலாகி ஆறேழு மாதம் ஆகிறதாம். ரேடியோக்கா சுருக்கமாகச் சொன்னாள். இந்த ஊரில் ஒரு நூல் ஆலை இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் இதே மாதம் பதினேழாம் தேதி அது தீப்பிடித்து எரிந்தது. நிறைய பேர் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்த நாளில் ஊர் எந்த நல்ல காரியமும் செய்வதில்லை. எதிர்முனையில் கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண், குத்தலே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்டாள்: "அய்யோ பாவம். ஆனா அக்கா, அதுக்கு எங்க பாப்பா என்ன பண்ணுச்சு?"

யோசித்துச் சொல்கிறேன் என்று ரேடியோக்கா போனை வைத்தாள். அடுத்த அழைப்பு வந்தபோது எடுக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த டெக்னீஷியன் - எப்போது பார்த்தாலும் தோளில் ஒரு கேபிளைச் சுற்றிக்கொண்டு திரிவதால் அவனுக்கு ஒயரு என்று பெயர் - கையை ஆட்டி 'என்னாச்சு?' என்றான். அவள் ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள். இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்டுவிட மாட்டார்களா என்றுதான் இத்தனை வருஷம் காத்துக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது. அவளும் ஒரு பதினேழாம் தேதி பிறந்தவள்தான். ஏதோ ஒரு பதினேழு அல்ல, ஆலை எரிந்த அதே பதினேழு.

அவள் நிகழ்ச்சி காலை ஏழு மணிக்கு. முதலில், இதே நாளில் உலகத்தில் என்னென்ன நடந்தன என்று சொல்வாள். எங்கோ ஒரு கோட்டை விழுந்திருக்கும், எங்கோ ஒரு கப்பல் புதுக் கரையைத் தொட்டிருக்கும், ஒரு ராஜா முடியை இறக்கி வைத்திருப்பார். பிறகு அன்று பிறந்த பெரிய மனிதர்கள். கடைசியில் அன்று பிறந்த ஊர்க்காரர்கள். ஊருக்கு அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணம், இந்த மூன்றையும் அவள் தனித்தனிப் பந்தியில் உட்கார வைப்பதில்லை. ஒரு சக்கரவர்த்தியைச் சொன்ன அதே மூச்சில், "அவரோடு சேர்ந்து இன்று பிறந்த நாள் காண்பவர் நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்து முடிதிருத்துபவர்" என்பாள். அன்றிலிருந்து அந்த மனிதருக்குச் சக்கரவர்த்தி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடைக்குப் போகிறவர்கள் "ராஜா சபையில இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். தேதிக்குப் பெரியவன் சின்னவன் கிடையாது என்பது அவள் கட்சி. வருஷத்தில் எல்லா நாளும் அந்தக் கட்சி ஜெயிக்கும். ஒரே ஒரு நாள் மட்டும் தோற்கும். பதினேழாம் தேதி ஒரு சோகமான வாத்திய இசை, ஆலையில் இறந்தவர்களின் பெயர்கள், ஒரு நிமிட மௌனம், அவ்வளவுதான். அந்தப் பெயர்களை வாசிப்பதும் அவள்தான். தன் பிறந்த நாளில் கருப்பு உடை உடுத்திக்கொண்டு வந்து வாசிப்பாள்.

அந்தப் பெயர்களில் ஒன்று அவள் அப்பாவுடையதாக இருந்திருக்க வேண்டியது.

அப்பா அந்த ஆலையில் பஞ்சு பிரிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அன்று விடியற்காலையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. அப்பாவின் கூட்டாளி ஒருவர், வேலை செய்தபடியே பாடுவதால் எல்லோருக்கும் பாட்டுக்காரர். அன்று அவருக்கு ஓய்வு நாள். செய்தி கேட்டதும் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடிவந்தாராம். "நீ ஆஸ்பத்திரிக்கு ஓடு. உன் மெஷின நான் பாத்துக்குறேன். பொண்ணா இருந்தா எனக்கு ரெண்டு இனிப்பு, பையனா இருந்தா ஒண்ணு போதும்" என்றாராம். மதியத்துக்குள் பெண் பிறந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று சிரித்த முகத்தோடு அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஓடிவந்தபோது, வாசல் வழியாக ஸ்ட்ரெச்சர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன.

வீட்டில் அவளுக்கு எப்போதும் மறுநாள்தான் கேக் வெட்டினார்கள். பள்ளியில் சேரும் வரை தான் பதினெட்டாம் தேதி பிறந்தவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் டீச்சர் தேதியைச் சொன்னபோது, "தப்பு டீச்சர்" என்று எழுந்து நின்று திருத்தியவள். வீட்டுக்கு வந்து கேட்டதும் அப்பா பின்வாசல் பக்கம் போய்விட்டார். "அந்த நாளப் பத்தி மட்டும் அப்பாகிட்ட கேக்காதடி" என்றாள் அம்மா. அம்மா இறந்த பிறகும் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை; நடந்ததெல்லாம் ஊர்க்காரர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஆலை மூடிய பிறகு அப்பா தையல் மெஷின் பழுது பார்க்கும் வேலைக்கு வந்தார். பாட்டுக்காரரின் மனைவி பக்கத்துத் தெருவில் மாவு மில் வைத்திருந்தார். அந்தத் தெரு வழியாகப் போனால் மார்க்கெட் நாலு எட்டுதான். அப்பா குளத்தைச் சுற்றிக்கொண்டு போவார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ரொட்டி வாங்க பேக்கரிக்குப் போனாள். சும்மா கேட்பதுபோல் கேட்டாள்: "அண்ணே, இந்த மாசம் கேக் ஆர்டர் எல்லாம் எப்படி?" பேக்கரிக்காரர் அலுத்துக்கொண்டார். "வழக்கம்போலத்தான். பதினேழு காத்து வாங்கும். பதினெட்டு வந்தா மூச்சு விட முடியாது. வருஷத்துலயே அன்னைக்குத்தான் அதிக கேக்கு. இந்த ஊருல எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி பதினெட்டாம் தேதி பொறக்குறாங்க, என்ன அதிசயமோ!" சொல்லிவிட்டு ஒரு நொடி தன் பேச்சைத் தானே கேட்டவர்போல் நின்றார். ரொட்டியை வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றிக் கொடுத்தார்.

பதினேழாம் தேதியும் வாழ்த்துச் சொல்லலாமா என்று மறுநாள் கேட்டபோது நிலைய மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்ட மனிதர் இல்லை; வம்புக்குப் பயந்தவர். "ஊரே அழுற நாள்ல நாம கைதட்டுனா நல்லாவா இருக்கும்? யாராவது மனசு நொந்துபோனா?"

"யாரு சார் நொந்துபோவாங்க?"

"உனக்குத் தெரியாதா? அந்த மாவு மில்லு அம்மா."

"அவங்க சரின்னு சொன்னா?"

மேனேஜர் சிரித்தார். இவளாவது, அங்கே போய் நிற்பதாவது என்ற தைரியம். "அவங்களே சொல்லிட்டா நான் யாரு குறுக்க நிக்க?"

மாவு மில்லுக்குள் நுழைந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுவர், தராசு, அலமாரி மேல் இருந்த பழைய ரேடியோ, எல்லாவற்றின் மேலும் ஒரே வெள்ளை. மாவு மில்லு அம்மாவின் புருவமும் இமையும்கூட வெளுத்திருந்தன. நிமிர்ந்து பார்க்காமலே, "கோதுமையா, மக்காச்சோளமா?" என்று கத்தினார். மெஷினோடு போட்டிபோட்டே வளர்ந்த குரல்.

"அரைக்க வரலம்மா. நான்..."

"தெரியும். தினமும் காலைல என் காதுல வந்து பேசுறவ குரலு எனக்குத் தெரியாதா?" என்று சுவிட்சை இறக்கினார். மெஷின் முனகி அடங்கியது. அந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது. வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. புதிதாகக் குடிவந்த பெண்ணைச் சொன்னாள், பாப்பாவைச் சொன்னாள், பேக்கரியைச் சொன்னாள். தன்னைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அந்தம்மா துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஆக, என்கிட்ட பர்மிஷன் கேக்க வந்திருக்க."

"ஆமா."

"தரமாட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன் தரணும்? புள்ள பொறந்ததுக்கு என்கிட்ட என்னத்துக்குப் பர்மிஷன்? நான் என்ன கலெக்டரா, கையெழுத்துப் போட?" குரல் உயர்ந்தது. மெஷின் நின்றுவிட்டது என்பதை அவர் மறந்துவிட்டார் போலிருந்தது. "நீ வருஷா வருஷம் எங்க வீட்டுக்காரர் பேர வாசிக்கிறியே, அவரு எப்படிச் செத்தாருன்னு ஊருல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அவரு எப்பப் பொறந்தாருன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது.

"யாருக்கும் தெரியாது. அந்த மனுஷன் செத்தது ஒரே ஒரு நாள். முப்பத்தோரு வருஷம் வாழ்ந்தாரு. பாடுனாரு, சண்ட போட்டாரு, சினிமா கொட்டகையில தூங்குனாரு. நீங்க எல்லாரும் அந்த ஒரு நாளையே புடிச்சுத் தொங்குறீங்க. ராஜாவுக்குப் பொறந்த நாள் சொல்ற, சவரக் கடைக்காரருக்குச் சொல்ற. எங்க ஆளு என்ன பாவம் பண்ணாரு?"

வெளியே ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. அந்தம்மா சட்டென்று தணிந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காரு. அப்பா நல்லா இருக்காரா?"

"இருக்காரு. இந்தப் பக்கம் வரமாட்டாரு."

"குளத்தச் சுத்துறது எனக்குத் தெரியாதா?"

"நான் அன்னைக்குப் பொறக்காம இருந்திருந்தா..." குரலை வைத்துப் பிழைக்கிறவளுக்குக் குரல் காலை வாரிவிட்டது.

"பொய் சொல்ல மாட்டேன். முதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன். உங்கம்மா உன்னத் தூக்கிட்டு ரோட்டுல போனா எனக்கு வயிறு எரியும். ஒருநாள் நீ நடக்கப் பழகுன புதுசு, எங்க கடை வாசல்ல தடுக்கி விழுந்த. யாரும் பக்கத்துல இல்ல. வேற வழி இல்லாமதான் தூக்குனேன். மூக்கு ஒழுக என் தோள்ல முகத்த வச்சு அப்படியே தேச்ச பாரு... சீன்னு ஆயிருச்சு. சிரிப்பும் வந்துருச்சு. அதோட போச்சு. அதுக்கப்புறம் உன் மேல கோவப்பட எனக்கு வரவே இல்ல." எழுந்து சுவிட்சில் கை வைத்தார். "பதினேழாம் தேதி நானே வர்றேன். மைக்க எங்கிட்ட குடு."

அன்று சாயங்காலம் அப்பா ஒரு மெஷினைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடித்ததும் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "யாரக் கேட்டு அங்க போன?" அவளுக்கு நினைவு தெரிந்து அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"நான் பொறந்ததுக்கு யாருகிட்டயாவது மன்னிப்புக் கேக்கணுமாப்பா?"

அவர் பதறிப்போனார். "உன்ன யாரு சொன்னா? உன்னயில்லம்மா." கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்த நாள் வந்தா எனக்கு சந்தோஷம் வருதும்மா. அதான் தாங்க முடியல. கண்ண முழிச்ச உடனே, நர்ஸம்மா உன்ன என் கையில குடுத்ததுதான் ஞாபகம் வருது. அதுக்கப்புறம்தான் அவன் வர்றான். ஒரு வருஷமாவது அவன் முதல்ல வரணும்ல? எம்புட்டோ முயற்சி பண்ணிட்டேன். நீதான் முதல்ல வர்ற."

அவர் எதிரே தரையில் அவள் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அப்பா அந்த நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் என்று நினைத்திருந்தாள். சந்தோஷத்தை ஒளிக்கத்தான் திருப்பியிருக்கிறார் என்பது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அழுகைதான் வரும் என்று பார்த்தாள். வந்தது என்னவோ பசி. இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் இருந்த ரொட்டி முழுவதையும் தின்று தீர்த்தார்கள்.

பதினேழாம் தேதி மாவு மில்லு அம்மா ஏழு மணிக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார். கழுவித் துடைத்த முகத்தோடு, இஸ்திரி மடிப்பு கலையாத நீலப் புடவையில் அவரை மேனேஜருக்கே அடையாளம் தெரியவில்லை. "வாங்கம்மா, வாங்க" என்று தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். ஒயரு ஹெட்போனை மாட்டிவிட்டான். "தம்பி, இதுல நான் பேசுறது எனக்கே கேக்குது" என்று அவர் புகார் சொன்னார். ரேடியோக்கா மஞ்சள் உடை உடுத்தியிருந்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்பா அதைப் பார்த்தார்.

சோக இசை இல்லாமலே நிகழ்ச்சி தொடங்கியது. இதே நாளில் உலகின் வேறு மூலைகளில் நடந்ததையெல்லாம் முதலில் சொன்னாள். பிறகு, "இதே நாளில் நம்ம ஊரில் ஆலை எரிந்தது" என்று சொல்லி, பெயர்களை வாசித்தாள். ஒரு நிமிட மௌனம். அது முடிந்ததும், "இவர்களில் ஒருவரைப் பற்றி அவர் மனைவி பேசுகிறார்" என்று மைக்கைத் திருப்பினாள்.

மாவு மில்லு அம்மா மாவு மில்லில் பேசுவதுபோலவே பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒயரு பாய்ந்து ஒலியைக் குறைத்தான். "எங்க வீட்டுக்காரர் பொறந்தது மூணாம் மாசம் ரெண்டாம் தேதி. அன்னைக்கு எந்த ராஜா பொறந்தாருன்னு இந்தப் பொண்ணு தேடிச் சொல்லும். எங்காளு நல்லாத்தான் பாடுவாரு, ஆனா ஒரு பாட்டையும் முழுசாப் பாடமாட்டாரு. பாதியில சிரிச்சிருவாரு. ஆலை எரிஞ்ச அன்னைக்கு அவரு வேலைக்குப் போனது ஒரு புள்ள பொறக்கட்டும்னு. அவரு செஞ்ச கடைசிக் காரியம் அது. அந்தப் புள்ளைக்கு இந்த ஊரு இத்தன வருஷம் ஒரு வாழ்த்து சொல்லல. அப்போ அவரு போனதுக்கு என்னங்க அர்த்தம்?" மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னைக்குப் பொறந்த நாள் கொண்டாடுற எல்லாரும் நல்லா இருக்கணும். இந்தா, உன்னையும் சேத்துத்தான் சொல்றேன், ரேடியோப் பொண்ணு."

வானொலியில் பேச்சு நின்றால் அது குற்றம். அன்று கொஞ்ச நேரம் நின்றது. மேனேஜர்கூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவள், கரகரத்த குரலில், பாப்பாவின் பெயரைச் சொல்லி வாழ்த்தினாள். அவ்வளவுதான், தொலைபேசி அடித்தது. வைத்தால் அடித்தது, எடுப்பதற்குள் அடுத்தது அடித்தது.

ஒரு பஸ் டிரைவர் வழியிலேயே வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். "மேடம், நான் ஆலை எரியறதுக்கு இருபது வருஷம் முன்னாடியே இந்தத் தேதியில பொறந்தவன். எனக்கு எதுக்கு மேடம் தண்டனை?" பின்னால் பயணிகள் கைதட்டுவது கேட்டது. இரட்டையர் இருவர் ஒரே போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசினார்கள். ஒரு கணக்கு டீச்சர் "நானும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். இந்தத் தேதி தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஊர் முழுக்க எழுந்து நின்றதுபோல் இருந்தது.

நடுவில் ஓர் ஆண் குரல் நடுங்கியது. "எனக்குப் பிடிக்கலங்க. எங்க அண்ணன் செத்த நாளு இது."

மேனேஜர் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். மாவு மில்லு அம்மா மைக்கை இழுத்துக்கொண்டார். "பிடிக்கலன்னா பரவாயில்ல தம்பி. உங்களுக்குப் பிடிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. அண்ணன் எப்பப் பொறந்தாரு?"

எங்கோ ஒரு கதவு சாத்தும் ஓசை.

"அடுத்த மாசம் பதினாலு" என்றது குரல். பிறகு, கேட்காமலே, "நல்லா நீந்துவான். குளத்துக்குக் குறுக்க, ஒரே மூச்சுல" என்றது.

"பதினாலாம் தேதி காலைல ஏழு மணிக்கு ரேடியோவப் போடுங்க" என்றாள் ரேடியோக்கா.

நிகழ்ச்சி முடியவேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அடுத்து வரவேண்டிய விவசாய நிகழ்ச்சிக்காரர், "நீங்களே நடத்துங்க, பயிர் ஒண்ணும் ஓடிப்போயிடாது" என்று சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வெளியே வந்தபோது நிலையத்தின் முன்கூடம் நிறைய ஆட்கள். சக்கரவர்த்தி கடையை அப்படியே விட்டுவிட்டு, தோளில் துண்டோடு வந்திருந்தார். பேக்கரிக்காரர் இருந்த கேக்கையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எதன் மேலும் பெயர் எழுத நேரமில்லை. போனில் பேசிய பெண், இடுப்பில் பாப்பாவோடும் கையில் சிவப்பு பலூனோடும் நின்றாள். பாப்பாவுக்கு நான்கு பற்கள். எல்லாவற்றையும் காட்டிச் சிரித்தது.

கூட்டம் விலகியது. அப்பா வந்துகொண்டிருந்தார். எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையோடு, ஓடி வந்தவர்போல் மூச்சு வாங்க. மாவு மில்லு அம்மா எதிரே நின்றார்.

"வந்துட்டீங்களா? எந்த வழியா வந்தீங்க?"

"உங்க தெரு வழியாத்தான்" என்றார் அப்பா. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"அழுறதுன்னா அழுங்க, சிரிக்கிறதுன்னா சிரிங்க. ரெண்டும் சேத்துச் செஞ்சா மூஞ்சி பாக்க சகிக்கல" என்றார் அந்தம்மா.

அப்பா இரண்டையும் சேர்த்துத்தான் செய்தார்.

அப்போது பாப்பா பலூனின் நூலை விட்டுவிட்டது. அது மெல்ல எழுந்து, கூட்டத்தின் தலைகளைக் கடந்து, உயரமான கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. ஒயரு எம்பிப் பார்த்தான், எட்டவில்லை. பஸ் டிரைவர் விளக்குமாற்றால் முயன்றார். மேனேஜர் நாற்காலியைப் போட்டு ஏறினார். நாற்காலி ஆட, அவரை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அப்பா பாப்பாவை வாங்கித் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, நாற்காலியின் அருகே போய் நின்று, அதை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார். பாப்பா அண்ணாந்து பார்த்து விரல்களை விரித்தது. நூல் அதன் தலைக்குச் சற்று மேலே, மின்விசிறிக் காற்றில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.